உங்களுக்குத் தெரியுமா? விளக்கெரித்த அணுகுண்டுகள்!

அமெரிக்காவை எதிர்த்து சோவியத் ஒன்றியம் குவித்து வைத்த அணுகுண்டுகள்தான், பிறகு அமெரிக்க வீடுகளில் விளக்கேற்றின! சுமார் 20 ஆண்டுகள், அந்நாட்டில் எரிந்த பத்து விளக்குகளில் ஏறக்குறைய ஒன்று ரஷ்ய குண்டுகளின் யுரேனியத்தால் எரிந்தது.

● ஒப்பந்தம்: 1993-இல் அமெரிக்காவும், சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அதன் குண்டுகளைப் பெற்ற ரஷ்யாவும் கையெழுத்திட்டன. 500 டன் குண்டுத்தர யுரேனியத்தை ரஷ்யா எரிபொருளாக்கி விற்றது. அது சுமார் 20,000 அணுகுண்டுகளுக்குச் சமம்!

● எப்படி? குண்டுக்கான யுரேனியத்தில் யுரேனியம்-235 சுமார் 90 சதவீதம். அணுமின் உலைக்கு 5 சதவீதம்கூட வேண்டாம். ரஷ்ய ஆலைகளிலேயே அதன் செறிவைக் குறைத்துக் கப்பலேற்றினார்கள்.

● யோசனை யாருடையது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக இயற்பியலாளர் தாமஸ் நெஃப். 1991 அக்டோபரில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் அவர் எழுதிய ஒரு கட்டுரையே தொடக்கம்.

● கடைசிக் கப்பல்: 2013 நவம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பி, டிசம்பரில் பால்டிமோர் துறைமுகத்தை அடைந்தது.

ஊரையே சாம்பலாக்கச் செய்த பொருள், பிள்ளைகள் படிக்க வெளிச்சம் தந்தது. பேச்சுவார்த்தையால் இதுவும் முடியும்!