மஹ்தி அலிக்குக் கிடைத்த ஒன்பது ஆண்டுகள்

அமீரகக் கால்பந்து அணி தோற்ற மறுநாள் பர் துபாய் கஃபேட்டீரியாக்களில் முதலில் எழும் பேச்சு, "கோச்சை மாத்தணும்!"

1990 உலகக் கோப்பைக்கு அமீரகத்தைத் தகுதி பெற வைத்தவர் பிரேசிலின் ஜகாலோ. போட்டிக்கு முன்பே அவர் போனார், பயிற்சியாளராகப் பரெய்ரா வந்தார். மூன்று ஆட்டங்களிலும் தோல்வி, வாங்கிய கோல்கள் 11. அதே பரெய்ரா நான்கே ஆண்டுகளில் பிரேசிலுக்கு உலகக் கோப்பையை வென்று தந்தார். பயிற்சியாளர் ஒருவர்தான், கையில் இருந்த ஆட்டக்காரர்கள் வேறு.

ஆனால் காலம் கொடுத்தால் ஒரு பயிற்சியாளர் ஆட்டக்காரர்களையே உருவாக்க முடியும். அமீரகத்தின் மஹ்தி அலி அப்படித்தான் செய்தார். 2008-ல் 19 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியக் கோப்பையை வென்ற பையன்களை அவர் கைவிடவில்லை. அகமது கலீல் போன்றவர்களோடு 2010 ஆசிய விளையாட்டில் வெள்ளி, 2012-ல் லண்டன் ஒலிம்பிக், 2013-ல் வளைகுடாக் கோப்பை எனப் படிப்படியாக ஏறினார்.

2015 ஆசியக் கோப்பைக் காலிறுதி, சிட்னி. எதிரே நடப்புச் சாம்பியன் ஜப்பான். பெனால்டியில் அமீரகத்தின் உமர் அப்துல்ரஹ்மான் பந்தை மெதுவாகத் தூக்கி வலைக்குள் விட்ட அழகை இன்றும் பேசுகிறார்கள்! அமீரகம் வென்றது, தொடரில் மூன்றாம் இடமும் பிடித்தது.

2017-ல், ஆஸ்திரேலியாவிடம் தோற்றதும் மஹ்தி அலி பதவி விலகினார்.