நுவரெலியா ரேசில் ஒரு நாள்: புக்கியின் கணக்கும் நம் கணக்கும்

சித்திரை பிறந்துவிட்டால் நமது தோட்டத்துச் சனங்களுக்கு நுவரெலியா ஞாபகம் வந்துவிடும். பூக்கண்காட்சி, கிரகறி வாவியில் படகு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் என்று குடும்பத்தோடு போவார்கள். ஆனால் ஆம்பிளைகளில் சிலர் இதற்கெல்லாம் போவதில்லை. பஸ்சை விட்டு இறங்கியதும் கால் நேராக ரேஸ் மைதானத்துக்குத்தான் போகும்.

அப்படிப்பட்ட ஒருவருடன் 2023ஆம் ஆண்டு சித்திரை சீசனில் நாமும் போனோம். அவர் நமது பிரிவில் மலைவேலை செய்பவர். நல்ல உழைப்பாளி, குடிக்க மாட்டார். நலன்புரி உத்தியோகத்தர் என்ற முறையில் குடியைப் பற்றிப் பேசப் போகிற வீடுகள் நமக்கு நிறைய உண்டு; அவருடைய வீடு அந்தப் பட்டியலில் இருந்ததே இல்லை. ரேஸ் ஒன்றுதான் அவருக்கு.

"ஐயா, நீங்க ஒரு நாளைக்கு வந்து பாருங்க. நான் கண்ண மூடிக்கிட்டு கட்டுறவன் இல்ல. எல்லாம் கணக்குத்தான்" என்றார்.

சரி, கணக்கென்றால் எழுதிப் பார்ப்போம் என்று ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு போனோம். அதில் எழுதியதைத்தான் அவருடைய சம்மதத்துடன் இங்கே தருகிறோம். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை.

அவர் சட்டைப்பையில் அன்று 8,000 ரூபாய் இருந்தது. சீட்டு விழுந்த காசு. லயத்துக் காம்பிராவின் பின்பக்கக் கூரை ஒழுகுகிறது, மே மாத மழைக்கு முன்னர் தகரம் மாற்ற வேண்டும் என்று வீட்டம்மா சேர்த்து வைத்தது. அப்போது ஒரு பேருக்கு 1,000 ரூபாய் சம்பளம். ஆகவே அது எட்டு நாள் உழைப்பு. "கொஞ்சம்தான் விளையாடுவேன், மிச்சத்துக்குத் தகரம் வாங்கிட்டே வந்துருவேன்" என்று சொல்லித்தான் அவர் புறப்பட்டார்.

மைதானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்த விளையாட்டை மலைநாட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். அந்தக் காலத்தில் துரையின் குதிரைக்கு லாயம், நமது பாட்டன்மாருக்கு லயம். எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம். வசதியில் லாயம் மேல் என்று பெரியவர்கள் பகிடியாகச் சொல்வதுண்டு. கொழும்பில் 1893இல் பெரிய பந்தயத் திடல் ஒன்று திறக்கப்பட்டது. 1956க்குப் பின் பண்டாரநாயக்க அரசாங்கக் காலத்தில் குதிரைப் பந்தயம் தடைப்பட்டு, பிறகு நுவரெலியாவில்தான் மீண்டும் உயிர் பெற்றது. ஆளுநர் கிண்ணப் பந்தயம் இன்றும் சித்திரை சீசனில்தான் நடக்கிறது. 6,000 அடிக்கு மேலான உயரத்தில், பனிமூட்டத்துக்குள் இருந்து குதிரைகள் திரும்பி வருவதைப் பார்ப்பது அழகுதான். அதை நாம் மறுக்கவில்லை.

முதலாவது பந்தயத்தில் ஆறு குதிரைகள். புக்கியின் பலகையில் இப்படி விலை எழுதியிருந்தது: இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று. மூன்றுக்கு ஒன்று என்றால், 100 ரூபாய் கட்டி அந்தக் குதிரை வென்றால் 300 ரூபாய் லாபமும் கட்டிய 100 ரூபாயும் கைக்கு வரும். இது விளையாடுகிற எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதை அவருக்கே நாம் கொப்பியில் போட்டுக் காட்டினோம்.

புக்கி ஒரு காரியம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் குதிரை வென்றாலும் மொத்தமாக 1,000 ரூபாய் மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார். அதற்கு இரண்டுக்கு ஒன்று குதிரையின் மேல் 333 ரூபாய் வாங்கினால் போதும். மூன்றுக்கு ஒன்றின் மேல் 250, நான்குக்கு ஒன்றின் மேல் 200, ஐந்துக்கு ஒன்றின் மேல் 167, எட்டுக்கு ஒன்றின் மேல் 111, பத்துக்கு ஒன்றின் மேல் 91. கூட்டிப் பாருங்கள், 1,152 வரும். வாங்கியது 1,152, கொடுப்பது 1,000. எந்தக் குதிரை முன்னால் வந்தாலும் 152 ரூபாய் அவருடையது. அவருக்குக் குதிரையைப் பற்றி ஒன்றுமே தெரியத் தேவையில்லை. ஆட்கள் எல்லாக் குதிரைகள் மேலும் ஒழுங்காகப் பிரித்துக் கட்டமாட்டார்கள் என்பது உண்மை. அதனால்தான் ஒரு குதிரை மேல் காசு குவிந்தால் உடனே அதன் விலையைக் குறைத்து மற்றதைக் கூட்டுகிறார். பலகையில் அழித்து அழித்து எழுதுவது அதற்காகத்தான். சராசரியாக நாம் கட்டுகிற ஒவ்வொரு 100 ரூபாயிலும் 13 ரூபாய் அளவு, குதிரை ஓடத் தொடங்கும் முன்னரே போய்விட்டது.

"புக்கியும் தொழில் செய்ய வேணாமாய்யா?" என்றார் நண்பர். நியாயம்தான். ஆனால் அந்தத் தொழிலில் நாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

முதல் பந்தயத்தில் அவர் 500 கட்டினார், போனது. நாமும் 100 ரூபாய் போட்டோம், மறைக்கவில்லை. குதிரையின் நிறம் பிடித்திருந்தது. கடைசியாக வந்தது.

இரண்டாவதில் பேவரிட் குதிரை மேல் 1,000. விலை சமன், அதாவது ஒன்றுக்கு ஒன்று. அது வென்றது. அந்த நேரத்தில் அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்தார். இந்தச் சந்தோசத்துக்காகவே ஆட்கள் திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்று நமக்கு அப்போது விளங்கியது. பேவரிட் மேல் மட்டும் கட்டினால் நட்டம் வராது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்துப் பந்தயங்களில் பேவரிட் வெல்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான். சமன் விலைக்குக் கட்டுகிறவருக்கு இரண்டில் ஒரு தடவை வென்றால்தான் கையைக் கடிக்காமல் இருக்கும்.

மூன்றாவது பந்தயம் ஒரு நல்ல பாடம். நான்குக்கு ஒன்று விலையுள்ள குதிரைக்கு "வின் அண்ட் பிளேஸ்" என்று 500 கட்டினார். அது ஒரு கட்டு அல்ல, இரண்டு கட்டு. வெல்வதற்கு 500, இடம் பிடிப்பதற்கு 500. ஆகவே 1,000 எடுத்தார்கள். குதிரை மூன்றாவதாக வந்தது. இடத்துக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது புக்கியின் கணக்கு. 500க்கு லாபம் 400, கட்டிய 500, ஆக 900 கையில் கிடைத்தது. "பாத்தீங்களாய்யா, விழுந்திருச்சு!" என்று நோட்டுகளை ஆட்டிக் காட்டினார். கொப்பியில் 100 ரூபாய் நட்டம் என்று எழுதினோம். அவர் நம்பவில்லை. இரண்டு தடவை கூட்டிக் கழித்த பிறகுதான் பேசாமல் இருந்தார்.

அதுவரைக்கும் அவர் 400 ரூபாய் லாபத்தில் இருந்தார். அப்போதே இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். நாம் செய்யவில்லை. பெரிய பந்தயம் இன்னும் இருக்கிறதே என்று நமக்கும் பார்க்க ஆசை. இந்தப் பிழை நம்முடையது.

இடைவேளையில் தொப்பி போட்ட ஒருவர் வந்து காதோடு காதாகப் பேசினார். லாயத்தில் வேலை செய்பவராம், உள்ளே இருந்து வந்த செய்தியாம், நாலாம் நம்பர் நிச்சயமாம். நண்பர் 3,000 கட்டினார். தேநீர் குடிக்கப் போன இடத்தில் அதே தொப்பிக்காரர் வேறொருவருக்கு இரண்டாம் நம்பர் நிச்சயம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தால் யாராவது ஒருவருக்கு வெல்லத்தானே வேண்டும்? வென்றவரிடம் போய்ச் சந்தோசம் கேட்டு வாங்கிக்கொள்வார். தோற்றவர்கள் கண்ணில் படமாட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல பந்தயங்களில் நன்றாக ஓடும் குதிரைக்குப் பாரம் கூட்டியும், மெதுவாக ஓடும் குதிரைக்குக் குறைத்தும் வைக்கிறார்கள். எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். யார் வெல்வார் என்று கண்டுபிடிக்க முடியாதபடி செய்வதற்கென்றே விஷயம் தெரிந்தவர்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். நாம் ரேஸ் பேப்பரை அரை மணித்தியாலம் புரட்டி அவர்களை வெல்லப் பார்க்கிறோம்.

நாலாம் நம்பர் வரவில்லை. இரண்டாம் நம்பரும் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆள். பகிடி இல்லை, பேச்சு இல்லை. ஐந்தாவது பந்தயத்தில் விட்டதைப் பிடிக்க 2,400 கட்டினார். ஏன் 2,400 என்று கேட்டோம். விட்டது 2,600, அதில் 200ஐ மறந்துவிடலாம், சமன் விலைக்கு வென்றால் மிச்சம் சரியாகிவிடும் என்றார். குதிரைக்கு அவருடைய கணக்கு தெரியாதே. கையில் 3,000 மிஞ்சியது.

வீட்டுக்குப் போகலாம் என்றோம். பின்னேரம் டவுனுக்கு வந்தவுடன் "ஒரு நிமிசம் ஐயா" என்று புக்கிக் கடைக்குள் நுழைந்துவிட்டார். அங்கே இங்கிலாந்துப் பந்தயம். கோடை காலத்தில் அவர்களுடைய பகல் இரண்டு மணி நமக்குப் பின்னேரம் ஆறரை. நாள் முழுதும் மலையில் நின்றுவிட்டு வருகிற மனுசனுக்கும் கடை திறந்திருக்கிறது.

அங்கே "யாங்கி" என்று ஒரு துண்டு எழுதினார். நாலு பந்தயத்தில் நாலு குதிரை. இரண்டு இரண்டாகச் சேர்த்தால் 6 கட்டு, மூன்று மூன்றாக 4, நாலும் சேர்த்து 1, மொத்தம் 11 கட்டு. கட்டுக்கு 100 வீதம் 1,100 ரூபாய். நாலும் வென்றால் பெருந்தொகை வரும் என்பது உண்மை. ஆனால் முன்னே சொன்ன 13 ரூபாய் இதில் ஒரு தடவையோடு நிற்பதில்லை. இரண்டு குதிரைச் சேர்க்கையில் 100க்கு 25 ரூபாய் அளவும், மூன்றில் 35 ரூபாய் அளவும், நாலில் 43 ரூபாய் அளவும் புக்கியின் பக்கம் போகும். கனவு பெரிதாகப் பெரிதாக அதற்கு நாம் கொடுக்கிற விலையும் பெரிதாகிறது. அவருடைய குதிரைகளில் ஒன்று வென்றது. யாங்கியில் ஒன்று மட்டும் வென்றால் ஒரு சதமும் கிடையாது.

மைதான நுழைவுச் சீட்டு, மதியச் சோறு, பஸ் என்று 1,000 போனது. லயத்துக்கு வந்தபோது அவரிடம் 900 ரூபாய் இருந்தது. ஏழு பேர் சம்பளம் ஒரு நாளில் போய்விட்டது. வாசலில் நின்ற வீட்டம்மா நம்மைத்தான் பார்த்தார். "ஐயா கூடப் போறீங்கன்னுதான் நான் பேசாம இருந்தேன்" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை.

மே மாதம் மழை பிடித்தது. தகரத்துக்குப் பதிலாகப் பொலித்தீன் விரித்துக் கல் வைத்திருந்தார்கள். பிள்ளையின் பாடப் புத்தகங்களை அயல் காம்பிராவில் வைத்திருந்தார்கள். பிறகு தோட்டத்துச் சிக்கனக் கடன் சங்கத்தில் பேசி ஒரு சிறு கடன் எடுத்துக் கூரையைச் செய்தோம். அதை மாதா மாதம் அவர் ஒழுங்காகக் கட்டி முடித்தார்.

இதை வாசிப்பவர்களில் ரேஸ் விளையாடுகிறவர்கள் இருப்பீர்கள். போகவே கூடாது என்று நாம் சொன்னால் கேட்கப் போவதில்லை என்பது தெரியும். போவதென்றால் சினிமாவுக்குக் கொண்டுபோகிற அளவு காசை மட்டும் கொண்டுபோங்கள். மற்றதை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். வட்டிக்கு வாங்கியோ நகையை அடகு வைத்தோ கட்ட வேண்டாம். விட முடியவில்லை, மனது கேட்கவில்லை என்றால் வெட்கப்படாமல் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். தொலைபேசியில் பேச விரும்புபவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

நண்பர் அந்தக் கொப்பித் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் வீட்டம்மா அதை ஒட்டி வைத்திருக்கிறார். போன வாரம் பிரட்டுக் களத்தில் கண்டபோது, "வாற சித்திரைக்கும் வருவீங்களாய்யா?" என்று கேட்டார். எவ்வளவு கொண்டுவருவீர்கள் என்றோம். "ஐந்நூறு" என்றார். கொப்பியோடு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.