தமிழ்நாட்டுக் கிருமியும் நான்கு துண்டுப் புரதமும்

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா காலமானார். 1912இல் சிறையிலிருந்து வெளிவந்தபோதே அவருக்குத் தொழுநோய். ரயிலில் ஏறத் தடை இருந்ததால் நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்த நோய்க்குத் தடுப்பூசி வந்துவிட்டதாக இப்போது அவ்வப்போது செய்தி பரவுகிறது. இந்த நோய்க்கென்றே பரவலாகப் பயன்படும் தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆனால், அதற்கான முயற்சி நடக்கும் விதம் வியக்கத்தக்கது.

நார்வே நாட்டு ஹான்சன் 1873இல் இந்த நோயின் கிருமியைக் கண்டார். இன்றுவரை எந்த ஆய்வகத் தட்டிலும் அதை வளர்க்க முடியவில்லை. சுண்டெலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலிலும்தான் வளர்க்கிறார்கள். ஒன்று இரண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.

ஏன் இத்தனை அடம்? 2001இல் இதன் மரபணுத் தொகுதி முழுதாகப் படிக்கப்பட்டபோது விடை கிடைத்தது. படிக்கப்பட்ட கிருமி வகையின் பெயர் ‘டி.என்.’, தமிழ்நாட்டில் எடுத்து, ஆர்மடில்லோவில் பெருக்கியது. அதில் புரதம் செய்யும் மரபணுக்கள் 1,604. செயலிழந்தவை 1,116! வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவரின் சொந்த வீடு மாதிரிதான். மூன்று வேளையும் மாமியார் சமையல் கிடைப்பதால் அடுப்பு அணைந்தது, ஆட்டுக்கல் தேய்ந்தது, கிணறு தூர்ந்தது. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடவில்லை. பல துருப்பிடித்து அப்படியே கிடக்கின்றன. அவரைத் தனிக்குடித்தனம் வைத்தால் பட்டினிதான். மனித செல்லுக்குள்ளேயே வாழ்ந்து பழகிய கிருமியின் கதியும் இதுவே.

வளர்க்க முடியாத கிருமியிலிருந்து தடுப்பூசி செய்வது எப்படி? அமெரிக்காவின் சியாட்டில் ஆய்வாளர்கள் கிருமியையே விட்டுவிட்டார்கள். நோயாளிகளின் எதிர்ப்பு செல்கள் அடையாளம் காணும் புரதங்களில் நான்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு மரபணுவின் கடைசியிலும் ‘இத்தோடு நிறுத்து’ என்ற குறி உண்டு. இடையில் வரும் அந்தக் குறிகள் இல்லாமல் நான்கையும் வரிசையாகக் கோத்து, ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் வைத்தால், அது முதல் மரபணுவின் எல்லையைத் தாண்டியும் நிற்காமல் வாசித்து, நான்கு துண்டும் சேர்ந்த ஒரே நீளப் புரதத்தைச் செய்து தருகிறது. இயற்கையில் எங்குமே இல்லாத புரதம் இது. நான்கைத் தனித்தனியே சுத்திகரித்துச் சோதிக்கும் வேலையும் மிச்சம். இரண்டு வாரக் கிருமியின் சரக்கை இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும் பாக்டீரியா தயாரிக்கிறது என்பதுதான் இதில் மிக அழகான இடம்.

புரதம் மட்டும் போதாது. கிருமி நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் பதுங்குவதால் டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களை உசுப்பியாக வேண்டும்; அதற்காகச் செயற்கைக் கொழுப்பு மூலக்கூறு ஒன்றை எண்ணெய்க் குழம்பில் கலந்து சேர்க்கிறார்கள். ‘லெப்வேக்ஸ்’ என்ற இந்தக் கலவை சுண்டெலிகளில் தொற்றைக் குறைத்தது. ஆர்மடில்லோக்களில் நரம்புச் சேதத்தைத் தள்ளிப்போட்டது. அமெரிக்காவில் நலமான 24 பேரிடம் பாதுகாப்புச் சோதனை முடிந்தது. பிரேசிலில் அடுத்த சோதனைக்கு 2024இல் அனுமதி கிடைத்தது.

உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இவர்களைக் குணமாக்கும் கூட்டு மருந்து 1982 முதல் உண்டு, அரசு இலவசமாகவே தருகிறது. தடுப்பூசி நோயைத் தடுக்கிறதா என்று அறிவதில்தான் சிக்கல். தொற்றியபின் நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபதும் ஆகலாம். ஆயிரக்கணக்கானோருக்கு ஊசி போட்டு, அத்தனை காலமும் அவர்களைப் பின்தொடர வேண்டியிருக்கும்.