ஓட்டாத வண்டிக்கு வந்த அபராதம்: இலவச வக்கீல் யாருக்குக் கிடைப்பார்?

இன்னைக்கு கோடிங் பேச்சு கிடையாது. எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயம், உங்களுக்கும் நாளைக்கு உதவலாம்.

2024 ஜூலையில திருச்சியிலிருந்து அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, மெட்ராஸ்ல நான் ஹெல்மெட் போடாம வண்டி ஓட்டினேனாம். ஆயிரம் ரூபாய் கட்டச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு." அம்மாவோட ஸ்கூட்டர் ஸ்ரீரங்கத்தைத் தாண்டினதே இல்லை!

முதல்ல ஒண்ணு. இந்த மாதிரி மெசேஜ்ல வர்ற லிங்கைத் தொடாதீங்க. போலி இ-சலான் அனுப்பிப் பணம் பறிக்கிற கும்பல் இருக்கு. நான் அரசோட பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நேரா போய் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். சலான் உண்மைதான். ஆனா போட்டோவில இருந்தது கறுப்பு பைக், ஓட்டினது ஒரு ஆண். நம்பர் மட்டும் அம்மாவோடது.

"ஆயிரம்தானே, கட்டித் தொலைச்சிடுப்பா. கோர்ட்டுக்கெல்லாம் யார் அலையறது?" என்றார் அம்மா. நானும் கட்டத்தான் போனேன். ரெண்டு விஷயம் தடுத்தது. மோட்டார் வாகனச் சட்டம் 194டி பிரிவில் ஆயிரம் ரூபாயோட முடியல. லைசென்ஸை மூணு மாசம் முடக்கவும் அதில் இடம் இருக்கு. அம்மா தையல் கடைக்குப் போறதே அந்த ஸ்கூட்டர்லதான். ரெண்டாவது, யாரோ அதே நம்பரை மாட்டிக்கிட்டுச் சுத்தினா, நாளைக்கு ஒரு விபத்துக்கும் போலீஸ் நம்ம வீட்டுக்குத்தானே வரும்?

தளத்துலயே புகார் போட்டேன். பதில் வரல. வழக்கு விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிடுச்சு. அங்க ரெண்டு வழி இருக்கும்: அபராதம் கட்டுறது, இல்லைன்னா வழக்கை எதிர்க்கிறது. கட்டினா தப்பை ஒத்துக்கிட்டதா அர்த்தம். எதிர்த்தா, சம்பவம் நடந்ததா சொல்ற ஊர்ல இருக்கிற வழக்கமான கோர்ட்டுக்கு மாறும். எங்க விஷயத்துல அது சென்னை.

நானே போய்ப் பேசிடலாம்னு நினைச்சேன். அது முடியாது. அம்மா தனக்காகத் தானே பேசலாம். இல்லைன்னா வக்கீல் பேசணும். ஒரு வக்கீல்கிட்ட கேட்டா, ஃபீஸ் அபராதத்தைவிடப் பல மடங்கு.

அப்பதான் ஒரு நண்பன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பத்திச் சொன்னான். 1987ஆம் ஆண்டு சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. இவங்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மத்தவங்களுக்கு வருமானம் அரசு வெச்ச வரம்புக்குள்ள இருக்கணும். என் சம்பளத்துக்கு எனக்குக் கிடைக்காது. வண்டி அம்மா பேர்ல இருந்ததால அவங்களுக்குக் கிடைச்சது!

திருச்சி நீதிமன்ற வளாகத்துல இருக்கிற மாவட்ட அலுவலகத்துக்கு அம்மா போய் மனு எழுதிக் கொடுத்தாங்க. அங்க இருந்த வக்கீலம்மா சொன்னது மூணு விஷயம்: நம்பரை வேற யாரோ பயன்படுத்துறதா லோக்கல் ஸ்டேஷன்ல புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்க. ஆர்சி காப்பியும் ஸ்கூட்டரோட போட்டோக்களும் எடுத்து வைங்க. அன்னைக்கு நீங்க திருச்சியில இருந்ததுக்கு ஏதாவது ஆதாரம் தேடுங்க. கடை வருகைப் பதிவேட்டில அம்மா கையெழுத்து இருந்தது.

சென்னைக் கோர்ட்ல ஆஜராகவும் இலவச வக்கீலை ஏற்பாடு பண்ணிக் கொடுத்தாங்க. அம்மா மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ஒரே ஒரு தடவை வந்தாங்க. மாஜிஸ்திரேட் கேமரா போட்டோவையும் ஆர்சியையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தார். வழக்கு முடிஞ்சது. வெளியே வந்ததும் அம்மா கேட்டாங்க: "இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு மாசம் தூங்காம இருந்தேன்?"

கடைசியா ஒண்ணு. லோக் அதாலத்தில போய் முடிச்சுக்கலாம்னு சிலர் சொல்வாங்க. அது சமரசத்துக்கான இடம். அங்க முடிஞ்சா மேல்முறையீடு கிடையாது. தப்பே செய்யலைன்னா அங்க ஒத்துக்கிறதுக்கு முன்னாடி யோசிங்க. அதே மாதிரி, போட்டோவில இருக்கிறது நீங்கதான்னா வக்கீலைத் தேடாதீங்க, அபராதத்தைக் கட்டிட்டு ஹெல்மெட் போடுங்க.

சட்ட உதவிக்கான எண் 15100. அம்மா போன்ல சேவ் பண்ணிக் கொடுத்திருக்கேன். நீங்களும் பண்ணிக் கொடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!