இன்ஜின் இலவசம், ஸ்டீயரிங் எங்கே? விர்ச்சுவல் மெஷினுக்கு ஒரு ‘முகம்’ செய்வது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஆபீஸில் கொடுத்த லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ். புதிய புராஜெக்ட்டுக்குத் தேவை லினக்ஸ். அல்லது, ஆசைப்பட்டு வாங்கிய மேக்புக்கில், விண்டோஸில் மட்டுமே ஓடும் பழைய அக்கவுன்டிங் சாஃப்ட்வேரை ஓட்ட வேண்டும். இதற்காக இன்னொரு கம்ப்யூட்டரா வாங்க முடியும்? இங்கேதான் கைகொடுக்கிறது விர்ச்சுவல் மெஷின். கம்ப்யூட்டருக்குள்ளேயே சாஃப்ட்வேரால் ஆன இன்னொரு கம்ப்யூட்டர்.

இந்த வேலையைச் செய்யும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களில் முக்கியமானது ‘க்யூஎமு’. பிரான்ஸைச் சேர்ந்த புரோகிராமர் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் இதை அறிமுகப்படுத்தினார். வீடியோ துறையில் எல்லோரும் பயன்படுத்தும் ‘எஃப்எஃப்எம்பெக்’கைத் தொடங்கியவரும் அவர்தான். க்யூஎமு முற்றிலும் இலவசம்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆண்ட்ராய்டு ஆப் உருவாக்குபவர்கள் தினமும் திறக்கும் எமுலேட்டருக்குள் இருப்பதும் இதே இன்ஜினின் ஒரு வடிவம்தான்.

ஆனாலும் மூன்று இயங்குதளங்களிலும் ஒரே மாதிரி இருக்கும், எல்லோரும் கைகாட்டும் ஒரு ஆப் க்யூஎமுவுக்கு இதுவரை அமையவில்லை. ஏன்?

கறுப்புத் திரையில் ஒரு நீண்ட வரி

க்யூஎமுவை இன்ஸ்டால் செய்துவிட்டு ஐகானைத் தேடினால் ஏமாற்றம்தான். அது டெர்மினலில் கட்டளை டைப் செய்து இயக்க வேண்டிய மென்பொருள். எவ்வளவு ராம், எத்தனை கோர், எந்த டிஸ்க் ஃபைல், எந்த மாதிரி நெட்வொர்க், எந்த கிராஃபிக்ஸ் கார்டு என எல்லாவற்றையும் ஒரே வரியில் அடுக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் மெஷின் எழுந்திருக்காது. மெஷின் ஓடத் தொடங்கியதும் ஒரு விண்டோ திறக்கும். ஆனால், மெஷினை உருவாக்க, மாற்ற, பட்டியலிட வசதி அதில் இல்லை.

சரி, இதற்கெல்லாம் பட்டனும் மெனுவும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது, அவ்வளவுதானே? அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

பட்டனுக்குப் பின்னால்...

முதல் சிக்கல் வேகம். விர்ச்சுவல் மெஷின் வேகமாக ஓட வேண்டுமென்றால் பிராசஸரின் உதவி தேவை. அதைத் தரும் கதவு ஒவ்வொரு இயங்குதளத்திலும் வேறு. லினக்ஸில் ‘கேவிஎம்’, மேக்கில் ‘ஹைப்பர்வைசர் ஃபிரேம்வொர்க்’, விண்டோஸில் ‘விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்’. பயனர் பார்ப்பது ‘ஸ்டார்ட்’ என்ற ஒரே பட்டனை. அதன் பின்னால் மூன்று தனித்தனி வழிகளை எழுதி, மூன்றையும் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது கீபோர்டு. விண்டோஸுக்குள் இன்னொரு விண்டோஸ் ஓடும்போது கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அழுத்தினால் யார் பதில் சொல்வது? வெளியே இருக்கும் விண்டோஸ்தான் முந்திக்கொள்ளும். அதனால் உள்ளே இருப்பதற்கு அந்த கீயை அனுப்ப மெனுவில் தனி வசதி வைக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட மவுஸை விடுவிக்கவும் ஒரு கீ தேவை. விர்ச்சுவல்பாக்ஸில் அது விண்டோஸ், லினக்ஸில் வலது கன்ட்ரோல். மேக்கில் இடது கமாண்ட். ஒரே ஆப்பிலேயே இடத்துக்கு இடம் மாறுகிறது.

மூன்றாவது, எதைக் கொண்டு கட்டுவது? ‘ஜிடிகே’ லினக்ஸில் பிறந்து வளர்ந்த டூல்கிட். மேக்கில் ஒட்டாமல் நிற்கும். ‘எலக்ட்ரான்’ எங்கும் ஓடும். ஆனால் ஒவ்வொரு ஆப்பும் ஒரு முழு பிரவுசரைச் சுமந்து வரும். விர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்க வேண்டிய ராமை முகப்பே சாப்பிட்டால் எப்படி? அதனால்தான் இந்தத் துறையில் பலரும் ‘க்யூடி’ பக்கம் போகிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸின் முகப்பு எழுதப்பட்டிருப்பதும் அதில்தான்.

ஓடிக்கொண்டே இருக்கும் இன்ஜின்

இவையெல்லாம் ஒருமுறை தீர்த்தால் தீரும் சிக்கல்கள். தீராத சிக்கல் ஒன்று உண்டு. முகப்பு ஒரு பக்கம் இருக்க, இன்ஜின் மாறிக்கொண்டே இருக்கும். உதாரணமாக, சவுண்ட் கார்டைத் தேர்வு செய்யும் பழைய ஆப்ஷன் க்யூஎமு 7.1 பதிப்பில் நீக்கப்பட்டது. அதை நம்பி எழுதிய முகப்பில் மெஷின் திடீரென்று ஸ்டார்ட் ஆகாது. பயனர் திட்டுவது இன்ஜினை அல்ல, முகப்பை.

யாராவது உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். சம்பளம் இல்லாமல், வேலை நேரம் போக மிச்சமிருக்கும் நேரத்தில். ‘ஏக்யூஎமு’ போன்ற தன்னார்வ முயற்சிகள் உற்சாகமாகத் தொடங்கி, பிறகு தேங்கிப்போனதன் பின்னணி இதுதான். முதல் பதிப்பை வெளியிட ஆர்வம் போதும். பத்தாவது ஆண்டிலும் அது வேலை செய்ய, ஆள் வேண்டும்.

தாக்குப்பிடித்தவை எவை?

நிலைத்து நிற்பவற்றைப் பார்த்தால் இது புரியும். 2007-ல் ஓப்பன் சோர்ஸாக வந்த விர்ச்சுவல்பாக்ஸுக்கு முதலில் இன்னோடெக், பிறகு சன், 2010 முதல் ஆரக்கிள் என எப்போதும் ஒரு நிறுவனம் பின்னால் இருந்தது. அதற்கே ஆப்பிளின் எம் சீரிஸ் சிப்பில் முழு ஆதரவு தர, 2024-ல் வந்த 7.1 பதிப்பு வரை ஆனது. எம்1 சிப் வந்ததோ 2020-ல்.

மற்ற சிலர் எல்லா இடத்துக்கும் ஆசைப்படவில்லை. ‘விர்ட்-மேனேஜர்’ லினக்ஸைத் தன் வீடாகக் கொண்டது. க்யூஎமுவைக் கொண்டு எழுதப்பட்ட ‘யுடிஎம்’ ஆப்பிள் சாதனங்களுக்கு மட்டும். யுடிஎம்மில் புது மெஷின் உருவாக்கப் போனால் முதல் கேள்வியே ‘விர்ச்சுவலைஸ்’ஸா, ‘எமுலேட்’டா என்பதுதான். முன்னது வேகமானது, ஆனால் அதே வகை சிப்புக்கான சிஸ்டம் மட்டுமே ஓடும். பின்னது மெதுவானது, ஆனால் வேறு சிப்புக்கு எழுதியதும் ஓடும். பக்கம் பக்கமாக டாக்குமென்ட் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய விஷயத்தை இரண்டு பட்டன்கள் சொல்லிவிடுகின்றன. நல்ல முகப்பு என்பது அழகான ஐகான் அல்ல. சரியான நேரத்தில் கேட்கப்படும் சரியான கேள்வி.

நீங்கள் என்ன செய்யலாம்?

விண்டோஸ் லேப்டாப்பில் லினக்ஸ் பழக வேண்டுமென்றால் விர்ச்சுவல்பாக்ஸ் எளிது. ஒரு எச்சரிக்கை: அதன் அடிப்படை மென்பொருள் மட்டுமே ஓப்பன் சோர்ஸ். ‘எக்ஸ்டென்ஷன் பேக்’குக்குத் தனி உரிமம் உண்டு. சொந்த உபயோகத்துக்கு இலவசம்தான் என்றாலும், ஆபீஸ் மெஷினில் போடும் முன் ஐடி டீமிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். லினக்ஸில் இருப்பவர்களுக்கு விர்ட்-மேனேஜர். எம் சீரிஸ் மேக் என்றால் யுடிஎம். அதில் விண்டோஸின் ஏஆர்எம் பதிப்பைப் போட்டால்தான் வேகம் கிடைக்கும்.

எந்த முகப்பைத் தேர்ந்தெடுத்தாலும், மெஷினின் டிஸ்க் ஃபைல் எங்கே சேமிக்கப்படுகிறது என்று முதல் நாளே பார்த்து, ஒரு பேக்கப் எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் என்பது உண்மையில் அந்த ஒரு ஃபைல்தான். நாளைக்கே முகப்பை எழுதியவர் களைத்துப்போய் விலகலாம். க்யூஎமுவின் டிஸ்க் ஃபார்மேட் வெளிப்படையானது என்பதால், அதே ஃபைலை வேறொரு ஆப்பில் இணைத்துத் திறக்க முடியும். விர்ச்சுவல்பாக்ஸின் ஃபைலைக்கூட க்யூஎமுவுடன் வரும் ஒரு கருவியால் மாற்றிக்கொள்ளலாம். முகப்பு போனாலும் உங்கள் வேலை போகாது. ஓப்பன் சோர்ஸ் தரும் பெரிய நிம்மதி, இலவசம் என்பதைவிட இதுதான்.