கம்பெனி மூடியும் நிற்காத அம்பாசிடர்: கடலூர், சிதம்பரம்காரர்கள் விடாமல் வைத்திருப்பது ஏன்?

கடலூர்,

நள்ளிரவு 2 மணி. வீட்டில் பெரியவருக்கு திடீர் நெஞ்சுவலி. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008-ம் ஆண்டில்தான். அதற்கு முன்பு புவனகிரி, பரங்கிப்பேட்டை பக்கத்து கிராமங்களில் இப்படி ஒரு நிலை வந்தால், ஊரில் கார் வைத்திருப்பவர் வீட்டு கதவைத்தான் தட்டுவார்கள். வாசலில் வந்து நிற்பது பெரும்பாலும் அம்பாசிடர். பின்சீட்டில் நோயாளியை படுக்க வைத்து, முன்சீட்டில் 3 பேர் நெருக்கி உட்கார்ந்து, புதுச்சேரி ஜிப்மருக்கு விரட்டுவார்கள்.

அதே கார்தான் கல்யாணத்துக்கும் போகும், திருக்கடையூர் அறுபதாம் கல்யாணத்துக்கும் போகும். சிதம்பரத்தில் ஆனி திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் வந்தால் வெளியூர் சொந்தக்காரர்களை ரெயில் நிலையத்தில் இருந்து அள்ளிக்கொண்டு வருவதும் அதுதான். 5 பேர் போக வேண்டிய காரில் குழந்தை குட்டியோடு 9 பேர் போனதெல்லாம் அப்போது சாதாரணம்!

இந்த காரை தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, மேற்கு வங்காள மாநிலம் உத்தரபாராவில் உள்ள தொழிற்சாலையில் 2014-ம் ஆண்டு மே 24-ந்தேதி வேலையை நிறுத்தியது. 1950-களின் கடைசியில் தொடங்கிய உற்பத்தி அத்தோடு முடிந்தது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரையே பிரான்ஸ் நாட்டு பியூஜோ கம்பெனிக்கு ரூ.80 கோடிக்கு விற்றுவிட்டார்கள். ‘மீண்டும் வருகிறது அம்பாசிடர்' என்று அவ்வப்போது செய்தி வரும், கார்தான் வரவில்லை. ஆனாலும் பழைய வண்டியை வைத்திருப்பவர்கள் லேசில் விற்பதில்லை.

அப்படி என்னதான் இருக்கு இதில்?

‘அந்தக்கால இரும்பு சார், யானை மாதிரி' என்பதுதான் வழக்கமான பதில். தகடு கனமானது என்பது உண்மைதான். ஆனால் விஷயம் அது மட்டும் இல்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை பார்த்து செய்த வண்டி இது. 1489 சி.சி. எஞ்சின், பின்சக்கரத்தை இழுக்கும் ராடு, பின்பக்கம் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங். பானெட்டை திறந்தால் உள்ளே ஆள் இறங்கி நிற்கலாம் போல இடம் இருக்கும். கார்புரேட்டர், டெல்கோ, பெல்ட் என்று எல்லாமே கண்ணுக்கு தெரியும், கைக்கு எட்டும்.

அதனால் கம்ப்யூட்டர் வைத்து கோளாறு தேட வேண்டியதில்லை. ஆலப்பாக்கத்தில் நின்று போனால் அங்கேயே இருக்கும் மெக்கானிக் ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும் வைத்து ஓட விட்டுவிடுவார். எஞ்சின் தேய்ந்தால் போர் போட்டு, பிஸ்டன், ரிங் மாற்றி திரும்ப ஓட்டலாம். 1992-ல் இசுசு 1800 எஞ்சின் வந்த பிறகு இழுவையும் கூடியது. சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நடை போனால் பழைய உதிரிபாகமும் தேடிப் பிடித்து விடலாம். ஆக, கெடாத கார் என்பதைவிட, கெட்டால் உள்ளூரிலேயே சரி பண்ண முடிந்த கார் என்பதுதான் சரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி வரும்வரை கார் வாங்க மக்களுக்கு வேறு வழி பெரிதாக இல்லை. அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு என்று விரல் விட்டு எண்ணலாம். பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காரை யார்தான் சுலபத்தில் விடுவார்கள்? ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும், பெட்ரோல் குடிக்கும், மழையில் ஒழுகும். ஏர்பேக் கிடையாது. கனமான தகடு என்பதால் விபத்தில் பாதுகாப்பு என்று நினைப்பதும் தப்பு.

கடலூர் பக்கம் இந்த காருக்கு எமன் எஞ்சின் இல்லை, உப்புக்காற்று. பலரும் நினைப்பது போல இதற்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது. பாடியும் அடித்தளமும் ஒன்றாக சேர்ந்ததுதான் பலம். தரைத்தகடும் கதவுக்கு கீழ் உள்ள பெட்டியும் துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போச்சு. முன்பக்க டார்ஷன் பாரை பிடித்து நிற்கும் குறுக்குச்சட்டம் அரித்துவிட்டால் முன்பக்கம் சாய்ந்து விடும். வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்து இதை மறைப்பது சுலபம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இன்னும் உஷார்!

‘15 வருஷம் ஆன காரை எல்லாம் உடைச்சிடுவாங்களாமே' என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் அப்படி பதிவு ரத்தானது அரசு வாகனங்களுக்குத்தான். டெல்லி வட்டாரத்து வயது கட்டுப்பாடும் இங்கே இல்லை. தமிழ்நாட்டில் சொந்த உபயோக காருக்கு 15 வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை காட்டி, தகுதி இருந்தால் 5 வருஷத்துக்கு ஆர்.சி.யை புதுப்பிக்கலாம். படிவம் 25. காலாவதி தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம்.

இடிப்பது கட்டணம்தான். ரூ.600 ஆக இருந்தது 2022 ஏப்ரல் முதல் ரூ.5 ஆயிரம் ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10 ஆயிரம் என்று உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. அம்பாசிடர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த கணக்கில்தான் வருவார்கள். தாமதித்தால் மாதாமாதம் அபராதமும் சேரும்.

50 வருஷம் தாண்டிய, உருமாற்றம் செய்யாத கார் என்றால் 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி ‘விண்டேஜ்' ஆக பதியலாம். ஆனால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் எடுக்க முடியும். தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது.

பழைய அம்பாசிடர் வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் பானெட்டை திறக்காதீர்கள். கால்மிதி விரிப்பை தூக்கி, டார்ச் அடித்து தரையை பாருங்கள். கீழே ரோடு தெரிந்தால், டிங்கரிங் செலவு கார் விலையை தாண்டிவிடும்.