அறையும் அறைத்தோழனும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதப் பிரிவு மாணவன்)

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி அடங்குவதற்குள் வெளியூர் மாணவனின் முன் இரண்டு கேள்விகள் வந்து நிற்கின்றன. எங்கே தங்குவது? யாரோடு தங்குவது? முதல் கேள்விக்கு 'விடுதி' என்று எளிதில் விடை கூறிவிடலாம். இரண்டாவது கேள்வியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. "யாரோடு தங்கினால் என்ன, படிக்கத்தானே வந்தோம்" என்பார்கள். ஆனால் ஒரு நாளில் நாம் வகுப்பறையில் இருப்பது ஐந்து மணி நேரம். எஞ்சிய பொழுதின் பெரும்பகுதி விடுதியில்தான் கழிகிறது. வீட்டை விட்டு முதன்முதலாகப் பிரிந்து வந்தவனுக்கு அறைத்தோழனே முதல் சுற்றம்; பல வேளைகளில் அவனே முதல் ஆசானும் ஆவான்.

அந்த அறைத்தோழனை மாணவனே தேர்ந்தெடுக்க வேண்டுமா, அல்லது கல்லூரி ஒதுக்கித் தர வேண்டுமா? இது விடுதிக் காப்பாளரின் தலைவலி மட்டுமன்று. இதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறும் உண்டு. சுவையான கணிதமும் உண்டு. இரண்டையும் மாணவ நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹார்வர்டில் நடந்தது

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1914-இல் முதலாண்டு மாணவர்களுக்கென்றே தனி விடுதிகளைத் திறந்தது. அப்போது தலைவராக இருந்தவர் லாரன்ஸ் லோவல். அதற்கு முன் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஊருக்குள் ஆடம்பரமான தனியார் விடுதிகளில் தங்கினார்கள்; ஏழை மாணவர்கள் வசதி குறைந்த பழைய கட்டடங்களில் தங்கினார்கள். இரு சாராரும் நான்கு ஆண்டுகள் ஒரே கல்லூரியில் படித்தும் பழகாமலே பிரிந்தார்கள். இந்த நிலையை மாற்றவே முதலாண்டு மாணவர் அனைவரும் ஒன்றாகத் தங்க வேண்டும் என்ற திட்டம் வந்தது. நோக்கம் உயர்ந்ததே.

ஆனால் அந்த 'அனைவரும்' என்ற சொல்லுக்குள் கறுப்பின மாணவர் இல்லை! ராஸ்கோ கான்க்ளிங் புரூஸ் என்பவர் ஹார்வர்டிலேயே பயின்று பட்டம் பெற்ற கறுப்பினத்தவர். அவருடைய தந்தை அமெரிக்க செனட் சபையில் உறுப்பினராக வீற்றிருந்தவர். அப்படிப்பட்டவர் தம் மகனுக்கு விடுதியில் இடம் கேட்டபோது, 1923-இன் தொடக்கத்தில் லோவல் மறுத்துவிட்டார். செய்தி வெளிவந்ததும் பெரும் கண்டனம் எழுந்தது. பல்கலைக்கழகத்தின் மேற்பார்வைக் குழு அதே ஆண்டில் கூடி, நிறத்தின் காரணமாக எவரையும் விலக்கக் கூடாது என்று தீர்மானித்தது. எனினும் இரு இனத்தாரையும் ஒன்றாகத் தங்கக் கட்டாயப்படுத்துவதில்லை என்ற வாசகத்தையும் அதில் சேர்த்துக்கொண்டது. அது பாதிக் கதவைத் திறந்த தீர்மானம்.

நம் நாட்டில் அடுத்த ஈராண்டுகளில் சேரன்மாதேவி குருகுலத்தில் எழுந்த போராட்டத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே கேள்வி, மாணவர் அனைவரும் ஒரே பந்தியில் உண்பதா என்பது. கடல் கடந்த இரு நாடுகளிலும், பாடத்தை ஒன்றாகப் படிப்பதற்கு இல்லாத தடை, உண்ணவும் உறங்கவும் ஒன்றாக இருக்கும்போது எழுந்தது. ஆகவே விடுதி அறை என்பது நான்கு சுவர் மட்டுமன்று. சமுதாயம் தன் உண்மை முகத்தைக் காட்டும் இடமும் அதுவே.

ஹார்வர்டின் கதை இன்னும் முடியவில்லை. 1930 முதல் மேல் வகுப்பு மாணவர்களுக்கு 'இல்லங்கள்' கட்டப்பட்டன. பின்னாளில் எந்த இல்லம் வேண்டும் என்று மாணவர்களே விருப்பம் தெரிவிக்கலாம் என்று விட்டார்கள். விளைவு என்ன? விளையாட்டு வீரர்கள் ஓர் இல்லத்தில் குவிந்தார்கள். கலை நாட்டம் உள்ளவர்கள் வேறோர் இல்லத்தில் கூடினார்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்றே ஓர் இல்லம் பெயர் பெற்றது. யாரும் யாரையும் விலக்கவில்லை. ஆயினும் பிரிவினை தானாகவே வந்து சேர்ந்தது. இறுதியில் 1996 முதல் விருப்பப் பட்டியலைக் கைவிட்டு, இல்லங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கத் தொடங்கினார்கள். சிறு நண்பர் குழு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஆனால் அக்குழு எந்த இல்லத்துக்குப் போகும் என்பதைச் சீட்டே முடிவு செய்யும்.

வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகமும் 2018-இல் இவ்வழிக்கு வந்தது. சமூக ஊடகங்களின் வழியே புதிய மாணவர்கள் கல்லூரிக்கு வருமுன்னரே தம்மைப் போன்றவர்களைத் தேடி அறைத்தோழராக்கிக்கொள்ளும் வழக்கம் பெருகியதைக் கண்டு, முதலாண்டில் அறைத்தோழரை மாணவர் தேர்ந்தெடுக்கும் உரிமையை அது நிறுத்தியது.

பூவோடு சேர்ந்த நார்

'பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்' என்பது நம் பழமொழி. இதை மெய்யா பொய்யா என்று சோதிக்க முடியுமா? சாதாரணமாக முடியாது. நன்றாகப் படிக்கும் இருவர் ஓர் அறையில் இருந்தால், சேர்ந்திருந்ததால் படித்தார்களா, படிப்பவர்கள் ஆனதால் சேர்ந்தார்களா என்று பிரித்தறிய வழியில்லை. குலுக்கல் முறையே அந்தச் சிக்கலை அவிழ்க்கிறது.

டார்ட்மவுத் கல்லூரியில் புதிய மாணவர்களிடம் சில எளிய கேள்விகள் கேட்பது வழக்கம். புகைபிடிப்பாயா? படிக்கும்போது இசை கேட்பாயா? இரவு வெகுநேரம் விழித்திருப்பாயா? பொருள்களை ஒழுங்காக வைப்பாயா? இவற்றில் ஒத்த விடை தந்தவர்களுக்குள் யாரோடு யார் என்பது தற்செயலாகவே அமைந்தது. அங்குப் பணியாற்றிய பொருளியல் பேராசிரியர் புரூஸ் சாசர்டோட் ஏறத்தாழ 1,600 மாணவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டார். அறைத்தோழனின் மதிப்பெண் நம் மதிப்பெண்ணைச் சிறிதளவு பாதிக்கிறது. எந்தச் சங்கத்தில் சேர்கிறோம் என்பதையும் பாதிக்கிறது. ஆனால் எந்தப் பாடத்தை முதன்மைப் பாடமாக எடுக்கிறோம் என்பதைப் பாதிக்கவில்லை. நார் மணக்கிறது, ஆனால் பூவாகவே மாறிவிடுவதில்லை!

2006-இல் வெளியான வேறோர் ஆய்வு, அமெரிக்காவின் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிகழ்ந்தது. தற்செயலாகக் கறுப்பின அறைத்தோழரைப் பெற்ற வெள்ளையின மாணவர்கள், ஆண்டுகள் சில கழிந்த பின்னும், வேறு இனத்தவரோடு பழகுவதில் கூடுதலான இயல்பு கொண்டிருந்தார்கள். ஒடுக்கப்பட்டோருக்குக் கல்வியில் முன்னுரிமை தருவதையும் மற்றவர்களைவிட மிகுதியாக ஆதரித்தார்கள். நூறு மேடைப் பேச்சுகள் செய்ய முடியாததை ஓர் அறைக் கதவு செய்திருக்கிறது.

நான்கு மாணவர், இரண்டு அறைகள்

இனிக் கணிதத்துக்கு வருவோம். டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அதில் வரும் ஓர் எடுத்துக்காட்டு நம் பொருளுக்கே உரியது.

க, ச, ட, ப என நான்கு மாணவர்கள். இருவர் தங்கும் அறைகள் இரண்டு. க-வுக்கு ச-வோடு தங்க ஆசை, ச-வுக்கு ட-வோடு, ட-வுக்கு க-வோடு. மூவரும் ப-வைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். இப்போது க-வும் ச-வும் ஓர் அறை, ட-வும் ப-வும் ஓர் அறை என்று வைப்போம். ப-வோடு இருக்க விரும்பாத ட, ச-வை அழைக்கிறான். ச-வுக்கோ ட-தான் முதல் விருப்பம். உடனே க-வை விட்டு வருகிறான். இப்போது க, ப-வோடு மாட்டிக்கொள்கிறான். அவன் ட-வை அழைக்கிறான். ட-வுக்கு க முதல் விருப்பம் ஆதலால் அவனும் வந்துவிடுகிறான். தனித்து நின்ற ச, க-வை அழைக்க, மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். மூன்று வகையாகத்தான் இவர்களைப் பிரிக்க முடியும், மூன்றும் நிலைப்பதில்லை.

அதாவது, ஆளை ஆள் தேர்ந்தெடுக்கும் முறையில் எல்லாரும் அமைதி கொள்ளும் ஏற்பாடு சில வேளைகளில் இல்லவே இல்லை. காப்பாளர் எவ்வளவு திறமைசாலியானாலும் இல்லாததை உண்டாக்க முடியாது. அத்தகைய ஏற்பாடு உண்டா, உண்டெனில் எது, என்று விரைவாகக் கண்டறியும் வழியை ராபர்ட் இர்விங் 1985-இல் தந்தார். ஆனால் 'இல்லை' என்பதும் அவ்வழி தரக்கூடிய விடைகளில் ஒன்று.

இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் க-வையும் ச-வையும் விட்டு ப-விடம் சென்றுவிடுகிறது. அவன் செய்த குற்றம் என்ன? கணக்கு அதைச் சொல்லவில்லை. ஒருவேளை அவன் எவருக்கும் அறிமுகம் இல்லாத ஊரிலிருந்து வந்திருக்கலாம். அவன் வீட்டில் அவனுக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லாதிருக்கலாம். அவன் பேச்சு, உடை, சாதி இவற்றில் ஏதோ ஒன்று மற்றவர்களுக்கு அயலாக இருந்திருக்கலாம். தேர்வு உரிமை என்பது தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களுக்கே இனிக்கும். கடைசியில் எஞ்சுகிறவனுக்கு அது நாள்தோறும் பெறும் தண்டனை.

அறைகளை மாற்றும் வட்டம்

ஆளைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக அறையைத் தேர்ந்தெடுக்க விட்டால் என்ன ஆகும்? இங்கே கணிதம் முகம் மலர்ந்து விடை சொல்கிறது. ஷேப்லியும் ஹெர்பர்ட் ஸ்கார்ஃபும் 1974-இல் எழுதிய கட்டுரையில், கேல் கண்ட அழகிய முறை ஒன்று உள்ளது.

முதலில் ஆளுக்கோர் அறையைக் குலுக்கலில் கொடுத்துவிடுங்கள். பின்னர் ஒவ்வொருவரும் தமக்கு மிகப் பிடித்த அறையை வைத்திருப்பவரைச் சுட்டிக்காட்டட்டும். தம் அறையே பிடித்திருந்தால் தம்மையே சுட்டலாம். ஒருவர் விரல் காட்டும் ஆளிடம் சென்று, அவர் விரல் காட்டும் ஆளிடம் சென்று என்று தொடர்ந்தால், ஆட்கள் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு ஆதலால் எங்கேனும் ஒரு வட்டம் விழுந்தே தீரும். வட்டத்தில் உள்ளோர் தமக்குள் அறைகளை மாற்றிக்கொண்டு விலகட்டும். எஞ்சியோர் எஞ்சிய அறைகளுள் மீண்டும் விரல் காட்டட்டும். இப்படியே அனைவரும் முடிந்துவிடுவார்கள்.

இதில் யாருக்கும் முதலில் கிடைத்ததைவிட மோசமான அறை வராது. அதன்பின் எந்தக் கூட்டமும் தமக்குள் மாற்றிக்கொண்டு கூடுதல் நன்மை பெற முடியாது. பொய்யான விருப்பத்தைச் சொல்லி ஆதாயம் அடையவும் முடியாது என்பதை ஆல்வின் ராத் 1982-இல் நிறுவினார். ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவு சுற்று எதற்கு என்போருக்கு எளிய வழியும் உண்டு. வரிசை எண்களைக் குலுக்கிப் போட்டு, எண் வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து, எஞ்சிய அறைகளுள் விரும்பியதை எடுத்துக்கொள்வது. இவ்விரு முறைகளும் ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு வாய்ப்பையே தருகின்றன என்பது 1998-இல் நிறுவப்பட்ட வியப்பான உண்மை. ஒரு காகிதமும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் போதும்!

நம் விடுதிகளில்

தமிழகத்தில் 1997-இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளும் முதலாண்டு மாணவரை இயன்றவரை தனிப் பகுதியில் தங்கவைக்கச் சொல்கின்றன. மூத்தவரிடமிருந்து இளையவரைக் காக்கும் ஏற்பாடு இது. ஆனால் இளையவருக்குள் யார் யாரோடு என்பது பெரும்பாலும் 'முதலில் வந்தவருக்கு முதலிடம்' என்றே நடக்கிறது.

முதலில் வருபவர் யார்? விடுதி திறக்கும் நாளை முன்கூட்டி அறிந்தவர். அண்ணனோ உறவினரோ அங்கே படித்தவர். நான் முதலாண்டில் தங்கிய விடுதியில் ஒரே ஊர்க்காரர் எட்டுப் பேர் காலையிலேயே வந்து காற்றோட்டமான அறையைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு பேருந்து மாறி மாலையில் டிரங்குப் பெட்டியோடு வந்தவர்களுக்குக் கழிவறையை அடுத்த அறையே எஞ்சியது. விதியை எவரும் மீறவில்லை. ஆனால் அந்த விதி, முன்பே அறிந்தவர்களுக்கு மேலும் கொடுத்தது. அறியாமல் வந்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. எங்களைப் போல வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் கேட்பது சலுகை அன்று. ஒரே தொடக்கக் கோடு.

ஆகவே பேராசிரியப் பெருமக்கள் முன் மூன்று கருத்துகளைப் பணிவுடன் வைக்கிறேன். முதலாவது, முதலாண்டில் யாரோடு யார் என்பதைக் குலுக்கலே முடிவு செய்யட்டும். உறங்கும் நேரம், படிக்கும் நேரம் போன்ற சில கேள்விகளை மட்டும் முன்னதாகக் கேட்கலாம். இரண்டாவது, எந்த அறை என்பதைச் சீட்டு எண் வரிசைப்படி அவ்வறைக் குழுவினரே தேர்ந்தெடுக்கட்டும். மூன்றாவது, படியேற இயலாதவர், நோயுற்றவர் ஆகியோர்க்குக் குலுக்கலுக்கு முன்பே தரைத்தளத்தில் இடம் ஒதுக்கிவிட வேண்டும். நேர்மை என்பது எல்லாரையும் ஒரே படியில் ஏறச் சொல்வதன்று. உண்மையான துன்பம் நேர்ந்தால் மாற்றிக்கொள்ள ஆறு வாரத் தவணையும் தரலாம்.

மாணவ நண்பர்களே! நண்பனைத் தேர்ந்தெடுக்க நமக்கு வாழ்நாள் முழுதும் வாய்ப்பு உண்டு. நாமாகத் தேடிச் சென்றிருக்க மாட்டாத ஒருவனோடு ஒரே விளக்கின் கீழ் ஓராண்டு படிக்கும் வாய்ப்பு கல்லூரியில்தான் உண்டு. அடுத்த ஆண்டு விடுதி திறக்கும் நாளில் வாசலில் ஒரு வாளியும் நூறு சீட்டுகளும் இருக்கட்டும். எவரும் கடைசியில் எஞ்ச வேண்டியதில்லை.